ஹெபடைடிஸ் சி வைரஸ் நோயெதிர்ப்பு செல்களுக்குள் புகுகிறதா, வெளியே நின்றே கெடுக்கிறதா?

ஹெபடைடிஸ் சி கல்லீரலின் நோய் என்றே சொல்லப்படுகிறது. அப்படியிருக்க, அந்த வைரஸ் இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்களுக்குள்ளும் புகுந்து பெருகுமா, புகுந்தால் அந்தச் செல்களுக்கு என்ன நேரும், மாத்திரையால் குணமான பிறகும் அது அங்கே பதுங்கியிருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்த கேள்விகள்தான் என்றாலும் அவற்றுக்குக் கிடைத்துள்ள சான்றுகளின் எடை ஒன்றல்ல. இந்த வைரஸ் நோயெதிர்ப்பு செல்களைப் பாதிக்கிறது என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை. அதன் விளைவுகளைத் தோலிலும் சிறுநீரகத்திலும் மண்ணீரலிலும் மருத்துவர்கள் நேரிலேயே பார்க்கிறார்கள். அவற்றுக்குள் புகுந்து பெருகுகிறதா என்பதுதான் இன்னும் வழக்காடப்படும் விவகாரம். சிறிதளவு புகுவதாகவே வைத்துக்கொண்டாலும், நடக்கும் கேட்டில் பெரும்பகுதி வைரஸ் செல்லுக்கு வெளியே இருந்தபடியே செய்வது என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதையே இங்கே விளக்குகிறேன்.

முதலில், இந்த வைரஸுக்குக் கல்லீரல் ஏன் இவ்வளவு பிடித்த இடம் என்பது தெரிந்தால் மற்ற செல்கள் ஏன் அப்படி இல்லை என்பது தானே விளங்கும். வைரஸின் மரபுப்பொருள் ஏறத்தாழ 9,600 எழுத்துகள் கொண்ட ஒற்றை இழை ஆர்என்ஏ. செல்லுக்குள் அது ஒரே நீண்ட புரதமாக வாசிக்கப்பட்டு, பிறகு 10 துண்டுகளாக வெட்டப்படுகிறது. வைரஸின் மேலுறையில் இருக்கும் இ1, இ2 என்ற இரண்டு புரதங்களே செல்லின் கதவைத் தேடும் கைகள். அந்தக் கதவுக்கு ஒரு பூட்டு மட்டும் இல்லை. சிடி81, எஸ்ஆர்-பி1, கிளாடின்-1, ஆக்லூடின் ஆகிய நான்கும் ஒருங்கே இருந்தாக வேண்டும். வேறு சில ஏற்பிகளும் துணை நிற்கின்றன. உள்ளே போன பிறகு இன்னொரு தேவை இருக்கிறது. கல்லீரல் செல்களில் மிகுந்தும் பிற செல்களில் அரிதாகவும் காணப்படும் மைக்ரோ ஆர்என்ஏ-122 என்ற சிறு மூலக்கூறு, வைரஸ் ஆர்என்ஏவின் தொடக்க முனையில் இரண்டு இடங்களில் ஒட்டிக்கொண்டு, அந்த முனையைச் செல்லின் நொதிகள் கடித்துத் தின்றுவிடாமல் காக்கிறது. 2005இல் தெரியவந்த இந்த உறவு ஒரு விந்தை. பொதுவாக மரபணுக்களின் வாயை அடைக்கும் வேலையைச் செய்யும் ஒரு மூலக்கூறை இந்த வைரஸ் தனக்குக் காவலாளியாக்கிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பட்டியலை, எதிர்ப்பொருளை உருவாக்கும் வெள்ளையணுவான பி செல்லோடு பொருத்திப் பாருங்கள். சிடி81 அதன் மேற்பரப்பில் நிறையவே இருக்கிறது. சொல்லப்போனால், இந்தப் புரதம் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டதே பி செல் நிணநீர்ப்புற்றுச் செல்களில்தான். வைரஸோடு அதற்குள்ள தொடர்பு 1998இல்தான் தெரிந்தது. ஆனால் கிளாடின்-1 பி செல்லில் இல்லை. மைக்ரோ ஆர்என்ஏ-122 இல்லையென்றே சொல்லிவிடலாம். ஆக, வைரஸ் வந்து ஒட்டிக்கொள்ளத் திண்ணை இருக்கிறது, உள்ளே நுழையும் வழியும் நுழைந்தபின் வசதியும் இல்லை. திண்ணையிலேயே உட்கார்ந்து என்னென்ன செய்கிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அப்படியானால் வெள்ளையணுக்களில் வைரஸ் இருப்பதாக ஏன் இத்தனை ஆய்வுகள் சொல்கின்றன என்ற கேள்வி எழும். நோயாளியின் இரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களைப் பிரித்தெடுத்து வைரஸ் ஆர்என்ஏ உண்டா என்று தேடினால் பெரும்பாலும் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால், ஒரு மில்லி லிட்டர் இரத்த நீரில் பல லட்சம் வைரஸ்கள் மிதக்கும் ஒருவருடைய செல்களில் வைரஸ் ஒட்டியிருப்பது வியப்பன்று. மழையில் நனைந்து வந்தவர் சட்டையில் ஈரம் இருப்பதை வைத்து அவருக்குள் ஊற்று இருப்பதாகச் சொல்ல முடியாது. எனவே வைரஸ் பெருகுகிறது என்று காட்ட வேறொரு தடயம் வேண்டும். வைரஸ் தன்னைப் பிரதியெடுக்கும்போது மட்டும் ஓர் எதிர் இழை உருவாகிறது; வெளியே மிதக்கும் வைரஸ் துகளில் அது இராது. அந்த எதிர் இழையைச் செல்லுக்குள் கண்டுபிடித்தால் அங்கே பிரதியெடுப்பு நடக்கிறது என்று பொருள்.

சொல்ல எளிது, செய்துபார்த்தவர்களுக்குத்தான் இதில் உள்ள வில்லங்கம் தெரியும். எதிர் இழையை மட்டும் பிடித்து நகலெடுப்பதற்காக நாம் போடும் தொடக்கத்துண்டு (பிரைமர் என்ற சிறு மரபுத்துணுக்கு), அதைவிடப் பல மடங்கு மிகுந்திருக்கும் வைரஸின் வழக்கமான இழையான நேர் இழையிலும் தவறுதலாக ஒட்டிக்கொள்ளும். ஆர்என்ஏ தன் வாலைத் தானே மடக்கித் தொடக்கத்துண்டு போல நடந்துகொள்வதும் உண்டு. செல்லிலுள்ள வேறு துணுக்குகள்கூட அந்த வேலையைச் செய்துவிடும். இறுதியில் எதிர் இழையே இல்லாத குழாயிலும் "இருக்கிறது" என்று காட்டும் பட்டை சோதனை முடிவில் தெரியும். இதைத் தவிர்க்க, உயர் வெப்பநிலையில் வேலை செய்யும் நொதியையும், வைரஸில் இல்லாத ஒரு தொடரை வாலாகச் சேர்த்த தொடக்கத்துண்டையும் பயன்படுத்துகிறார்கள். செயற்கையாகத் தயாரித்த நேர் இழையை மட்டும் போட்ட ஒரு குழாயையும் பக்கத்தில் ஓட்டி, அதில் பட்டை வராமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 1990களில் வெளிவந்த பல முடிவுகளில் இந்தக் கட்டுப்பாடுகள் இல்லை. அதனால் அந்தக் காலத்து ஆய்வு ஒன்றை யாராவது எடுத்துக்காட்டினால், நான் முதலில் புரட்டிப் பார்ப்பது செய்முறைப் பகுதியைத்தான்.

கட்டுப்பாடுகளோடு செய்த பிறகும் சில நோயாளிகளின் செல்களில், குறிப்பாக எச்ஐவி தொற்றும் சேர்ந்து இருப்பவர்களிடமும் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடமும், எதிர் இழை கிடைத்திருக்கிறது. ஒரே ஆளின் இரத்த நீரிலும் வெள்ளையணுக்களிலும் உள்ள வைரஸ்களின் மரபுத் தொடர்கள் வேறுபடுவதும் பலமுறை காட்டப்பட்டுள்ளது. வெளியிலிருந்து ஒட்டியது மட்டுமே என்றால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இது எளிதில் தள்ளிவிட முடியாத சான்று. மேலும், ஹெபடைடிஸ் சி நோயாளி ஒருவரின் மண்ணீரலில் உருவான நிணநீர்ப்புற்றிலிருந்து 2003இல் எஸ்பி என்ற பெயரில், ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து வளரும் ஒரு பி செல் வரிசை வளர்த்தெடுக்கப்பட்டது. அதில் வைரஸ் தொடர்ந்து இருப்பதாகவும், அதிலிருந்து வெளிவரும் வைரஸ், தொற்றிய செல்களைத் தேடிக் கொல்லும் வெள்ளையணுக்களும் அவற்றை நடத்தும் வெள்ளையணுக்களும் அடங்கிய டி செல்களுக்குள்ளும் நுழைவதாகவும் காட்டினார்கள். நிணநீர்ச் செல்களை நாடும் வைரஸ் வகைகள் தனியாக உண்டு, அவை பி செல்களில் சிடி86 போன்ற வேறு ஏற்பிகளைப் பயன்படுத்துகின்றன என்ற வாதமும் இதையொட்டி எழுந்தது.

எதிர்த்தரப்புச் சான்றும் வலுவானது. 2005இல் ஜப்பானிய நோயாளி ஒருவரிடமிருந்து கிடைத்த ஜேஎஃப்எச்-1 என்ற வைரஸ் வகை, ஆய்வுக்கூடக் குடுவையில் முழுமையாகப் பெருகும் முதல் ஹெபடைடிஸ் சி வைரஸாக அமைந்தது. அந்த வைரஸைக் கொண்டு இரத்த வெள்ளையணுக்களின் ஒவ்வொரு வகையையும் தொற்றச் செய்யும் முயற்சி 2008இல் வெளியானபோது, அவற்றில் எதிலும் வைரஸ் பெருகவில்லை. குடுவை வைரஸ் ஒன்றே ஒன்றுதான், நோயாளிக்குள் இருப்பதோ ஒன்றுக்கொன்று சற்றே மாறுபட்ட ஒரு கூட்டம் என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம், சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் கல்லீரல் மாற்று அறுவையின்போது நடப்பதைக் கவனியுங்கள். பழைய கல்லீரலை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தும் இடைவெளியில் இரத்தத்திலுள்ள வைரஸ் அளவு சரசரவென்று சரிகிறது. ஊற்று வேறிடத்திலும் வளமாக இருந்திருந்தால் அப்படிச் சரியாது. எனவே நோயெதிர்ப்பு செல்களில் தொற்று நடக்கிறது என்று ஏற்றாலும், அது மிகக் குறைந்த அளவிலான, சில நோயாளிகளில் மட்டும் தெரியும் நிகழ்வு. இரத்தத்தில் ஒரு நாளைக்குச் சேரும் சுமார் 1 லட்சம் கோடி வைரஸ்களில் அதன் பங்கு அற்பம்.

இனித் திண்ணைக்கு வருவோம். பி செல்லின் மேற்பரப்பில் சிடி81 தனியாக இல்லை. சிடி19, சிடி21 ஆகியவற்றோடு ஒரு கூட்டாக நிற்கிறது. எதிர்ப்பொருளை உருவாக்கச் சொல்லும் கட்டளைக்குப் பி செல் எவ்வளவு எளிதில் செவிசாய்க்கும் என்பதைத் தீர்மானிப்பது இந்தக் கூட்டுதான். வைரஸின் இ2 புரதம் சிடி81இல் ஒட்டுவதாலும், எதிர்ப்பொருளும், அதற்குத் துணைநிற்கும் இரத்தப் புரதங்களான காம்ப்ளிமென்ட் புரதங்களும் போர்த்திய வைரஸ் கட்டிகள் சிடி21இல் ஒட்டுவதாலும் பி செல்லின் செவி மிகவும் கூர்மையாகி, சிறு தூண்டுதலுக்கே அது பெருகத் தொடங்குகிறது. ஒரு வாரம் நீடிக்கும் சளிக்காய்ச்சலில் இப்படி நடந்தால் கெடுதல் இல்லை. இங்கே தூண்டுதல் 20 ஆண்டு, 30 ஆண்டு என நிற்காமல் தொடர்கிறது.

அப்படித் தொடர்வதன் விளைவுதான் கலப்பு கிரையோகுளோபுலினீமியா. கிரையோகுளோபுலின் என்பது உடல் வெப்பத்துக்குக் கீழே குளிர்ந்தால் இரத்தத்தில் திரிந்து படியும் எதிர்ப்பொருள் கலவை. நாட்பட்ட ஹெபடைடிஸ் சி உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரின் இரத்தத்தில் இதைக் காணலாம். நோய்க்குறிகள் தோன்றுவது அவர்களுள் சிறு பகுதியினருக்கே. இதன் நடுநாயகம், பிற எதிர்ப்பொருள்களின் மேலேயே போய் ஒட்டும், ஐஜிஎம் என்ற வகையைச் சேர்ந்த ஓர் எதிர்ப்பொருள். அதாவது முடக்குவாதக் காரணி என்று நாம் சோதிக்கும் அதே பொருள். விஎச்1-69 என்ற மரபணுத் துண்டைக் கொண்டு செய்யப்பட்ட எதிர்ப்பொருள்கள் இவற்றில் அளவுக்கு மீறித் தென்படுகின்றன. இ2 புரதத்தை நன்றாகப் பற்றும் எதிர்ப்பொருள்களிலும் அதே துண்டு அடிக்கடி பயன்படுகிறது என்பது தற்செயலாக இருக்க முடியாது. வைரஸை எதிர்த்துப் பிறந்த பி செல் வழித்தோன்றல்களே காலப்போக்கில் தடம்புரண்டு உடலின் சொந்தப் புரதங்களையே தாக்குகின்றன என்ற விளக்கத்தையே நான் ஏற்கிறேன்.

இந்தச் சோதனைக்கு இரத்தம் எடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. தெரியாததால் நோய் தவறவிடப்படுகிறது. ஊசியும் குழாயும் 37 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கப்பட்டிருக்க வேண்டும். எடுத்த இரத்தம் உறைந்து நீர் பிரியும் வரை அதே சூட்டில் இருக்க வேண்டும். பிரித்த நீரை அதன்பின்தான் 4 டிகிரியில் ஒரு வாரம் வரை வைத்துக் குழாயின் அடியில் வெண்மையாகப் படிகிறதா என்று பார்க்க வேண்டும். இரத்தம் எடுத்தவர் குழாயை மேசைமேல் வைத்துவிட்டுப் போனால் தேடும் புரதம் உறைகட்டியோடு சேர்ந்து படிந்து கழிவாகிவிடும். அறிக்கையில் "இல்லை" என்று வரும். காலில் சிவந்த புள்ளிகள், மூட்டுவலி, தீராத அசதி, சிறுநீரில் புரதம், இரத்தத்தில் சி4 என்ற காம்ப்ளிமென்ட் புரதம் மட்டும் தனியாகக் குறைந்திருப்பது ஆகியவை சேர்ந்து இருக்கும் ஒருவருக்கு ஒரே ஒரு "இல்லை" அறிக்கையை வைத்து நோயை விலக்கிவிடக் கூடாது. இன்னொரு குழப்பமும் இங்கேதான் நேர்கிறது: மூட்டுவலியும் முடக்குவாதக் காரணியும் இருப்பதைக் கண்டு முடக்குவாதம் என்று முடிவுகட்டி, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைத் தொடங்கிவிடுகிறார்கள். முடக்குவாதத்தைப் பிரித்தறிய உதவும் சிசிபி எதிர்ப்பொருள் சோதனையும் ஹெபடைடிஸ் சி சோதனையும் அதற்கு முன் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

பி செல்கள் இப்படிப் பெருகிக்கொண்டே இருக்கும்போது ஏதோ ஒரு வழித்தோன்றலில் மரபணுப் பிழை சேர்ந்து நிணநீர்ப்புற்றாக மாறும் வாய்ப்பும் கூடுகிறது. இது வைரஸின் தூண்டுதலைச் சார்ந்தே வாழும் புற்று என்பதற்கு 2002இல் வெளியான ஒரு சிறிய பிரெஞ்சு ஆய்வைவிடத் தெளிவான சான்று இல்லை. மண்ணீரலில் தோன்றும் ஒருவகை நிணநீர்ப்புற்றும் ஹெபடைடிஸ் சியும் சேர்ந்து இருந்த 9 பேருக்குப் புற்று மருந்து கொடுக்காமல் வைரஸை எதிர்க்க உடலே சுரக்கும் புரதமான இன்டர்ஃபெரானை மருந்தாகக் கொடுத்தபோது, வைரஸ் மறைந்த 7 பேரிடம் புற்றும் முற்றிலும் பின்வாங்கியது. அதே புற்று இருந்து வைரஸ் இல்லாத 6 பேருக்கு அதே மருந்து எதுவும் செய்யவில்லை. மருந்தே புற்றைக் கொன்றது என்ற வாதத்துக்கு அந்த 6 பேர் பதில் சொல்லிவிடுகிறார்கள். இன்றைய மாத்திரைகளாலும் இத்தகைய மெதுவாக வளரும் புற்றுகள் பின்வாங்குவது பதிவாகியிருக்கிறது. வேகமாக வளரும் வகைகளுக்கு அது மட்டும் போதாது.

டி செல்களின் கதை வேறு. பி செல் மிகையாகத் தூண்டப்படுகிறது. டி செல்லோ களைத்துப்போகிறது. தொற்று நேர்ந்த ஒன்றிரண்டு வாரங்களிலேயே இரத்தத்தில் வைரஸ் ஆர்என்ஏ தெரிந்துவிடும். டி செல்கள் கல்லீரலில் வந்து இறங்குவதற்கோ 6 முதல் 8 வாரங்கள் ஆகும். கல்லீரல் நொதிகள் இரத்தத்தில் ஏறத் தொடங்குவதும் ஏறத்தாழ அப்போதுதான். வைரஸ் தான் குடியிருக்கும் செல்லை அவ்வளவாகக் கொல்வதில்லை. அந்தச் செல்லைக் கொல்வது நம்முடைய டி செல்லே என்பதற்கு இந்தக் கால ஒற்றுமை ஒரு தடயம். இந்தக் கட்டத்தில் சிலருக்கு, சுமார் 100 பேரில் 30 பேருக்கு, வைரஸ் தானாகவே நீங்குகிறது. மற்றவர்களிடம் நிலைத்துவிடுகிறது.

எது தீர்மானிக்கிறது என்பதற்கு 2003இல் சிம்பன்சிகளில் செய்யப்பட்ட இரண்டு சோதனைகள் முக்கியமானவை. முன்பே வைரஸை வென்று குணமான விலங்குகளுக்கு மீண்டும் வைரஸைக் கொடுக்கும்போது சிடி8 டி செல்களை நீக்கினால், அந்தச் செல்கள் திரும்பி வரும் வரை வைரஸ் நீடித்தது. சிடி4 டி செல்களை நீக்கியபோதோ வைரஸ் முழுமையாக நீங்கவே இல்லை. சிடி8 செல்கள் இருந்தும், அவை அடையாளம் காணும் தன் புரதத் துண்டுகளை வைரஸ் மாற்றிக்கொண்டு தப்பியது. கொல்லும் வேலை சிடி8 செல்லுடையது என்றாலும், அதை நடத்திச் செல்லும் சிடி4 செல் ஓய்ந்தால் எல்லாம் ஓயும். மனிதர்களிலும், நாட்பட்ட நிலைக்குப் போகிறவர்களிடம் தொடக்கத்தில் தோன்றும் சிடி4 துலங்கல் சில வாரங்களில் கரைந்துபோவது காணப்படுகிறது.

அதற்குப் பிறகு எஞ்சும் சிடி8 செல்கள் பிடி-1, டிம்-3 போன்ற தடைக் குமிழ்களை மேற்பரப்பில் அடுக்கிக்கொள்கின்றன. முதலில் பெருகும் திறனையும், பெருகத் தூண்டும் ஐஎல்-2 என்ற தூதுப்பொருளைச் சுரக்கும் திறனையும், பின்னர் படிப்படியாகக் கொல்லும் திறனையும், வைரஸை அடக்கும் இன்டர்ஃபெரான்-காமா என்ற தூதுப்பொருளைச் சுரப்பதையும் இழக்கின்றன. இதைக் களைப்பு என்று ஆய்வாளர்கள் அழைப்பது பொருத்தமான சொல்தான்; செல் சாகவில்லை, எதிரியையும் மறக்கவில்லை, கை ஓங்க மறுக்கிறது. ஆனால், வைரஸ் தன் முகத்தை மாற்றிக்கொண்ட துண்டுகளை நோக்கிய டி செல்கள் இவ்வாறு களைப்பதில்லை. அவை நினைவு செல்களைப் போலவே தோற்றமளித்து, வேலையில்லாமல் சும்மா இருக்கின்றன. களைப்புக்கு வேண்டியது இடைவிடாத சந்திப்பு என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது. ஆக, டி செல்லின் தோல்விக்கு வைரஸ் அதற்குள் நுழைய வேண்டிய அவசியமே இல்லை. கல்லீரலின் ஒவ்வொரு மூலையிலும் தன் அடையாளத்தைக் காட்டிக்கொண்டே இருந்தால் போதும்.

முன்பயிற்சி இல்லாமலே தொற்றிய செல்களைக் கொல்லும் வெள்ளையணுக்களான இயற்கைக் கொல்லி செல்களைப் பற்றியும் ஒரு செய்தி அடிக்கடி கண்ணில் படும்: இ2 புரதம் அவற்றின் சிடி81ஐப் பிடித்து முடக்கிவிடுகிறது என்பது. 2002இல் வெளியான அந்த முடிவு, தட்டில் பூசிய தனி இ2 புரதத்தைக் கொண்டு கிடைத்தது. முழு வைரஸ் துகளை இயற்கைக் கொல்லி செல்லோடு சேர்த்தபோது அந்த முடக்கம் தெரியவில்லை என்று பின்னர் காட்டப்பட்டது. எனவே அந்தக் கூற்றை நான் எடுத்தாள்வதில்லை. நோயாளிகளிடம் உறுதியாகத் தெரிவது வேறொன்று: இந்தச் செல்களின் கொல்லும் திறன் கூடியும் இன்டர்ஃபெரான்-காமா சுரக்கும் திறன் குறைந்தும் காணப்படுகின்றன. கல்லீரலுக்குச் சேதம் கூடவும் வைரஸுக்கு நோகாமல் இருக்கவும் இதைவிட ஏற்ற சேர்க்கை கிடைக்காது.

டி செல்கள் வரும் முன்பே வைரஸைத் தடுக்க வேண்டியது இன்டர்ஃபெரான். இங்கே வைரஸ் செய்யும் வேலை, நான் படித்தவற்றுள் மிக நுட்பமான ஒரு நாசவேலை. செல்லுக்குள் அயல் ஆர்என்ஏ வந்துவிட்டது என்ற செய்தியை ரிக்-ஐ என்ற காவல் புரதம், மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் நங்கூரமிட்டு நிற்கும் மாவ்ஸ் என்ற புரதத்திடம் சொல்கிறது. மாவ்ஸ் மணியை அடித்தால் இன்டர்ஃபெரான் சுரக்கும். வைரஸின் என்எஸ்3/4ஏ நொதி தன் நீண்ட புரதத்தைத் துண்டாக்கப் பயன்படுத்தும் அதே கத்தரியால் மாவ்ஸை 508ஆவது அமினோ அமிலத்தில் நறுக்கி, நங்கூரத்திலிருந்து அறுத்துவிடுகிறது. மணி தரையில் கிடக்கிறது. ஆனால் நோயாளிகளின் கல்லீரலை எடுத்துப் பார்த்தால் இன்டர்ஃபெரான் தூண்டிய மரபணுக்கள் பலரிடம் முழு வீச்சில் இயங்குகின்றன. இது முரண்போலத் தோன்றும். தொற்றிய கல்லீரல் செல், தான் ஊமையாக்கப்பட்ட நிலையிலும், வைரஸ் ஆர்என்ஏவை நுண்பைகளில் அடைத்து வெளியே அனுப்புகிறது. அருகில் வரும் பிளாஸ்மா வகைக் கிளையுரு செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்கள் அதை டிஎல்ஆர்7 என்ற உணர்வியால் கண்டு இன்டர்ஃபெரானைச் சுரக்கின்றன. அந்தக் கிளையுரு செல்லுக்குள் வைரஸ் பெருகுவதில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லீரலில் குடியிருக்கும் விழுங்கு செல்களான குப்ஃபர் செல்களும் இப்படித்தான்: வைரஸை விழுங்கி, உள்ளே பெருகவிடாமலேயே, ஐஎல்-1 பீட்டா என்ற தூதுப்பொருளைச் சுரந்து அழற்சியை வளர்க்கின்றன. வடு திசு உருவாவதில் இந்த அழற்சிக்குப் பங்குண்டு.

மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். 2013இல் சோஃபோஸ்புவிர் வந்த பிறகு, வைரஸின் நொதிகளை நேரடியாகத் தடுக்கும் மாத்திரைகளை 8 முதல் 12 வாரங்கள் சாப்பிட்டவர்களில் 100க்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். மருந்து நிறுத்திய 12ஆம் வாரத்தில் இரத்தத்தில் ஆர்என்ஏ இல்லாவிட்டால் குணம் என்று கொள்கிறோம். அதன்பின் அதே வைரஸ் திரும்புவது மிக மிக அரிது. எச்ஐவியைப் போல நோயெதிர்ப்பு செல்களில் இது உண்மையான சேமிப்பிடம் வைத்திருந்தால், மருந்தை நிறுத்தியதும் பலருக்குத் திரும்பியிருக்க வேண்டும். எச்ஐவி தன் நகலைச் செல்லின் டிஎன்ஏவுக்குள் தைத்துவிடுகிறது. ஹெபடைடிஸ் சிக்கு டிஎன்ஏ கட்டமே கிடையாது, பிரதியெடுப்பு நின்றால் ஆர்என்ஏ சிதைந்துவிடும். இரத்த நீரில் இல்லாமல் கல்லீரலிலோ வெள்ளையணுக்களிலோ மட்டும் ஆர்என்ஏ தென்படும் மறைந்த தொற்று என்ற நிலை 2004 முதல் விவரிக்கப்பட்டு வருகிறது. மிக நுண்ணிய சோதனைகளில் சிலரிடம் அப்படித் தென்படலாம். அது அவர்களுக்கு நோயைத் தருகிறது என்றோ பிறருக்குப் பரவுகிறது என்றோ நம்புவதற்குப் போதிய ஆதாரம் இல்லாததால், குணமான ஒருவரை அதற்காகச் சோதித்துப் பயமுறுத்துவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

வைரஸ் போன பின்னும் மிஞ்சுவது, நோயெதிர்ப்பு செல்களில் அது விட்டுச்சென்ற தழும்பு. சிடி8 செல்கள் நினைவு செல்களைப் போன்ற தோற்றத்தை ஓரளவு மீண்டும் பெறுகின்றன. ஆனால் அவற்றின் மரபுப்பொருள் மடிக்கப்பட்டிருக்கும் விதத்தில் களைப்பின் முத்திரை அப்படியே இருக்கிறது. நாட்பட்ட தொற்றில் குறைந்துபோகும் மெயிட் என்ற தனிவகை டி செல்களின் எண்ணிக்கை குணமான பின்னும் உயர்வதில்லை. கிரையோகுளோபுலின் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தோல் புள்ளிகள் மறைந்தாலும், சிலரிடம் அந்தத் தடம்புரண்ட பி செல் வழித்தோன்றல்கள் வைரஸின் துணையின்றியே வாழக் கற்றுக்கொண்டுவிடுகின்றன. இவர்களுக்கு ரிட்டுக்ஸிமாப் போன்ற பி செல் அழிப்பு மருந்து தேவைப்படலாம்.

குணமானது நோய்க்காப்பு ஆகாது. வைரஸைத் தானாகவே ஒருமுறை வென்றவர்களுக்கு மறுதொற்று ஏற்பட்டால் அதையும் வெல்லும் வாய்ப்பு கூடுதல் என்றாலும் உறுதி இல்லை. மாத்திரையால் குணமானவர்களின் டி செல்களுக்கு அந்த வலிமை இன்னும் குறைவு. டி செல்களை மட்டும் தூண்டும் ஒரு தடுப்பூசி 2021இல் வெளியான பரிசோதனையில், தொற்றியவர்களின் உச்ச வைரஸ் அளவைக் குறைத்தும் நாட்பட்ட நோயாக மாறுவதைத் தடுக்கவில்லை. எனவே குணமானவர் மீண்டும் தொற்றுக்கு ஆளாகும் சூழலில் இருந்தால் ஆர்என்ஏ சோதனைதான் செய்ய வேண்டும். எதிர்ப்பொருள் சோதனை அவருக்கு வாழ்நாள் பெரும்பகுதி "உண்டு" என்றே காட்டிக்கொண்டிருக்கும். பழைய தொற்றை நினைவில் வைத்திருக்கும் பி செல்களின் வேலை அது, வைரஸினுடையது அல்ல.